எலுமிச்சம்பழத்தைக் கழற்ற மறந்த நாள்

மூன்று வாரத்துக்கு ஒருமுறை நாங்கள் மலையிலிருந்து சேலத்து ஆஸ்பத்திரிக்கு இறங்குவோம். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் புற்றுநோய். நுரையீரலைச் சுற்றி மெல்லிசாக ஓர் உறை இருக்கிறதாம், அதில் வருவது. பெயர் மீசோதெலியோமா. வாலிபத்தில் கீழே ஒரு கொட்டகையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு அறுக்கும் வேலை பார்த்தார். அந்தத் தூசி முப்பது வருஷம் உள்ளே கிடந்து, மலைமேல் செம்மநத்தத்தில் நாலு காப்பிச் செடி வைத்துப் பிழைக்கிற மனுஷனைப் பிடித்துவிட்டது. பெயரைச் சரியாகச் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆனது. திட்டுவதற்காவது பெயர் தெரிய வேண்டுமே.

மருந்து ஏற்ற ஆரம்பித்ததும் நெஞ்சில் நீர் சேர்வது நின்றது. மூச்சு சீரானது. அப்பாடா என்று இருந்தபோதுதான் வலது கைக் கட்டை விரல் நுனி வீங்கியது.

நகச்சுத்தி என்றேன். ஊரும் அதைத்தான் சொன்னது. நெஞ்சில் அவ்வளவு பெரிய வியாதி இருக்கும்போது விரலை யார் பெரிசாக நினைப்பார்கள்? எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு, மஞ்சளும் உப்பும் வைத்து, விரலில் குல்லா மாதிரி மாட்டிவிட்டேன். அக்கம்பக்கத்தார் பை பையாகப் பழம் கொண்டுவந்தார்கள். பழம் வாட வாடப் புதுசு மாட்டினேன். வீக்கம் மட்டும் வாடவில்லை.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கிற டாக்டரம்மாவுக்குக் கைவைத்தியம் ஆகாது. அதனால் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பஸ் ஏறுமுன் பழத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, கையைத் துண்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வேன். இரண்டு முறை அப்படியே ஏமாற்றினோம். மூன்றாம் முறை, பஸ் கிளம்பிவிட்டது என்று ஓடி ஏறியதில் மறந்துபோனேன். ஆஸ்பத்திரியில் நரம்பு தேடி நர்ஸ் வலது கையை இழுக்க, பழத்தோடு விரல் வெளியே வந்தது.

டாக்டரம்மா முதலில் சிரித்தார். கழற்றிப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"எத்தனை நாளாம்மா இப்படி இருக்கு?"

"ஒன்றரை மாசமுங்க."

படம் எடுத்தார்கள். நுனி எலும்பு கறையான் அரித்த கட்டை மாதிரி இருந்தது. துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். நெஞ்சில் இருந்ததேதான் விரலிலும்.

"விரலுக்கு அபூர்வமாப் போகும்னு படிச்சிருக்கேன். நேர்ல பார்க்கறது இதுதான் முதல் தடவை" என்றார் டாக்டரம்மா.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. உடம்பில் இத்தனை இடம் இருக்க, காப்பிப் பழம் பறிக்கிற விரல்தானா அதற்குக் கிடைத்தது? கோபம் அடங்கியதும் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒளித்துவைத்தவள் நான்தானே.

நுனியை முதல் கணுவோடு எடுத்துவிட்டால் வலி போய்விடும், நெஞ்சுக்கான மருந்தைத் தொடரலாம் என்றார்கள். இவர் ஒரே பிடியாக மாட்டேன் என்றார்.

"கட்டை வெரலு இல்லாம பழம் எப்புடிப் புள்ள பறிக்கறது? ஊட்டுல குந்திக்கிட்டு உம் மூஞ்சியப் பாத்துட்டுக் கெடக்கறதா?"

அழுது பார்த்தேன், அசையவில்லை. எங்களுக்குள் ஒரு பந்தயம் உண்டு. ஒவ்வொரு அறுவடையிலும் ஆளுக்கு ஒரு வரிசைச் செடி. பின்தங்கியவர் சாயங்காலம் காப்பி போட வேண்டும். கலியாணமானதிலிருந்து அவர்தான் போட்டிருக்கிறார். அதை எடுத்து வீசினேன்.

"ஏனுங்க, முழு வெரல வெச்சுக்கிட்டே எங்கிட்டத் தோத்தவருதானுங்க நீங்க. அரை வெரலு போயி என்னத்த நொம்பக் கொறஞ்சுரப் போகுது?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். இவர் என்னை முறைத்தார். பிறகு பேனா கேட்டார். வீங்கிய விரலால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

காயம் ஆறியதும், ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பழத்தைப் பிடித்துத் திருகப் பழகினார். முதலில் காம்போடு பிய்ந்து வந்தது. அடுத்த வருஷம் பூக்கிற இடம் அது என்று கத்தினேன். அவர் காதில் வாங்கவே இல்லை.

தை பிறந்து தோட்டம் சிவந்தது. அந்த வாரம்தான் ஸ்கேன் பார்த்தார்கள். நெஞ்சில் இருப்பது போகவில்லை. ஆனால் வளரவுமில்லை, வேறெங்கும் பரவவுமில்லை. தோட்டத்தில் இறங்கினோம்.

நடுவில் இரண்டு முறை அவர் மூச்சு வாங்க உட்கார்ந்தார். இந்த வருஷமும் காப்பி அவர் கையால்தான் என்று நினைத்துக்கொண்டேன். கடைசிச் செடிக்கு வந்து தலை நிமிர்ந்தால், வரிசை முனையில் கூடையோடு நிற்கிறார். அரை விரலைத் தூக்கிக் காட்டுகிறார்.

"என்ன புள்ள, முழு வெரலு இருந்தும் இம்புட்டுத்தானா?"

நான் விட்டுக்கொடுத்தேன் என்று ஊரில் பேச்சு. என்னைத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அவர் உட்காரும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் என் கை நின்றிருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய? உண்மையாகவே தோற்றேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எதிலும் தோற்றதில்லை.

அன்று சாயங்காலம் நான்தான் காப்பி போட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை பத்தவில்லை என்று டம்ளரை நீட்டினார். வாங்கிப் போய் இன்னொரு கரண்டி போட்டுக் கொடுத்தேன்.