பிளக்குக்குள் குடிவந்த குளவி

எங்கள் வீட்டில் எது பழுதானாலும் திருத்தப் போவது நான்தான். நான் திருத்தி முடித்தால் ஒரு பழுது இரண்டாகியிருக்கும்.

எண்பதுகளின் கடைசியில் என் தகப்பனார், ஐயா, கிணற்றடியில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, கட்டிலோடு கிடந்தார். "முதுகு வேர்க்க விடாதேங்கோ, புண் வந்திடும்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்காகவே சாவகச்சேரியில் ஒரு மேசைக் காற்றாடி வாங்கினோம். வாங்கிய கையோடு சண்டை வந்து, ஊரில் கரண்ட் நின்றுபோனது. நானும் மனைவியும் மாறி மாறிப் பனையோலை விசிறியால் விசுக்கினோம். என் முறையில் நான் தூங்கி விழுவேன். விசிறி ஐயாவின் மூக்கில் விழும்.

மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் கரண்ட் வந்து, குசினி அடுப்புக்கு மேலிருந்த பல்ப் எரிந்தது. ஓடினேன். ஐயாவின் தலைமாட்டுக்குப் பின்னால், கட்டில் மறைத்த சுவரில்தான் பிளக் பொயின்ற் இருந்தது. கையை விட்டுத் தடவி, காற்றாடியைக் கொழுவி, சுவிச்சைப் போட்டேன். சுற்றவில்லை.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"அண்ணை, உங்கை கரண்ட் இருக்குதோ?"

"ஓம் தம்பி. உம்மடை வீட்டை இல்லையோ?"

"குசினியிலை இருக்கு. ஐயாவின்ரை காத்தாடிதான் சுத்துதில்லை."

"அப்ப பியூசைப் பாரும். பாத்து, கையை வைச்சிடாதையும்."

நன்றாக இருந்த பியூஸ் கம்பியைப் பிடுங்கிப் புதிதாக முறுக்கினேன். குசினி பல்பும் அணைந்தது. அதைத் திரும்ப எரிய வைக்கவே பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் காற்றாடியைக் கழற்றிப் பூட்டினேன். ஒரு திருகாணி மிஞ்சியது. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு யாருக்கும் சொல்லவில்லை.

"டேய், நீ திருத்துறதைப் பாக்கவே எனக்கு வேர்க்குது," என்றார் ஐயா.

"கட்டிலை ஒருக்கா இழுத்துப் பாருங்கோவன்," என்றாள் மனைவி.

ஐயாவோடு சேர்த்துக் கட்டிலை இழுத்தோம். பிளக் தொப்பென்று நிலத்தில் விழுந்தது. அது கொழுவுப்படவே இல்லை. கட்டில் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் நெரிபட்டு நின்றிருக்கிறது. சுவரில் ரோச் லைற் அடித்துப் பார்த்தேன். பிளக் பொயின்ற்றின் மூன்று துளைகளையும் மண் மூடியிருந்தது. கரண்ட் இல்லாத மாதங்களில் ஒரு குளவி அதற்குள் கூடு கட்டி, கொத்தனார் பூசியதுபோல வழுவழுவென்று பூசியும் விட்டிருந்தது.

ஸ்குரூ டிரைவரை நீட்டினேன். மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உடைக்காதேங்கோ."

குளவி கூடு கட்டிய வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எங்களுக்குக் கலியாணமாகி எத்தனையோ வருடங்கள். பிள்ளை வரம் கேட்டு செல்வச்சந்நிதி முருகனுக்கு அவள் வைக்காத நேர்த்தி இல்லை.

ஐயாவின் முதுகு சிவந்திருந்தது. அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். பிடியை மட்டும் விடவில்லை.

ஐயா சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "விடடா. உன்னை நம்புறதை விட அந்தக் குளவியை நம்பலாம்."

அவள் சிரித்துவிட்டாள். நான்தான் ஸ்குரூ டிரைவரும் கையுமாக முழித்தேன்.

பக்கத்து வீட்டு அண்ணை வந்து, அறையின் பல்பைக் கழற்றி, அந்த ஹோல்டரிலிருந்து வயர் இழுத்துக் காற்றாடியைச் சுற்ற வைத்தார். நான் அவர் ஏறிய கதிரையைப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு ஐயாவுக்குக் காற்று இருந்தது, வெளிச்சம் இல்லை. கஞ்சி பருக்கும்போது நான் விளக்குப் பிடித்தேன். அதையும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்றுதான் சொன்னார்.

சண்டை திரும்பவும் தொடங்கியது. கரண்ட் ஒரேயடியாகப் போனது. விசிறி மறுபடி எங்கள் கைக்கு வந்தது. குளவிக் கூட்டில் சின்னச் சின்ன ஓட்டைகள் விழுந்திருந்தன. அதன் பிள்ளைகள் பறந்துவிட்டன. எங்கள் வீட்டுக்குத்தான் பிள்ளை வரவில்லை.

ஒரு நாள் மனைவி தானாகவே விளக்குமாற்று ஈர்க்கொன்றை எடுத்து, துளைகளிலிருந்த மண் முழுவதையும் சுரண்டி, ஊதி, சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"இனிக் கொழுவிப் பாருங்கோ."

ஊரில் கரண்ட் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். நான் கொழுவினேன். பிளக் சுகமாக உள்ளே போனது. சுவிச்சையும் போட்டேன். மூன்று பேரும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"காணும், போதும் பிள்ளை," என்றார் ஐயா அவளிடம். "விசிறியை எடு. அவன்ரை கையிலை மட்டும் குடுத்திடாதை."