கத்தரிக்குப் பட்ட கண்

என் கத்தரிச் செடிகள் கருகியதற்குப் பக்கத்து வீட்டு கரீம் பாயின் கண்தான் காரணம் என்று மனதார நம்பினேன். நாலெழுத்துப் படித்தவன், தோல் பதனிடும் டேனரியில் கணக்குப்பிள்ளை. இருந்தும் நம்பினேன். இன்று காலை கூடைக்காரி, “ரயில்ல வந்த காய் சாமி. ஆம்பூர்ல ஏது கத்திரி?” என்றாள். அடங்கிக் கிடந்த எரிச்சல் தொண்டைவரை வந்துவிட்டது. உங்களிடம் கொட்டாமல் யாரிடம் கொட்டுவேன்?

அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கொல்லை உண்டு. டேனரியில் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து வழித்துப் போடும் ஆட்டு ரோமத்தைக் கூடையில் அள்ளிவந்து செடிக்கடியில் புதைப்போம். நாற்றம் குடலைப் பிடுங்கும். காயோ கொழுகொழுவென்று வரும். எங்களுடையது முள்ளுக் கத்தரி. என் மனைவி பார்வதி தன் பிறந்த ஊரான கலவையிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த விதை. வேறெங்கும் கிடைக்காது. வருஷா வருஷம் ஒரு காயை முற்றவிட்டு விதை எடுத்தால்தான் உண்டு.

இலையோரம் கருகத் தொடங்கியதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வைக்கோல் பொம்மை கட்டி, என் ஆபீஸ் கோட்டையே மாட்டி, பாயின் சுவரைப் பார்க்க நிறுத்தினேன். தபால்காரர் அதற்கொரு சலாம் வைத்துவிட்டுப் போனார். எனக்குக்கூட அவ்வளவு பணிவாக வைத்ததில்லை.

ஒருநாள் சாப்பாட்டில் ரசம் கரித்தது.

“நான் உப்பே போடலீங்க” என்றாள் பார்வதி.

கண் ரசத்துக்குள்ளும் இறங்கிவிட்டதென்று அலறிக்கொண்டு, பாயை நாலு கேள்வி கேட்கச் சுவரில் ஏறினேன். அங்கே அவருடைய அவரைப் பந்தல் சருகாய்த் தொங்கியது. பந்தல் காலில், என் வீட்டைப் பார்த்தபடி, வெள்ளைப் புள்ளி வைத்த கரிச்சட்டி.

“இன்னா பாய் சட்டி?”

“உங்க கண்ணுக்குத்தான் கணக்குப்பிள்ளை. உங்க பொம்மை?”

“உங்க கண்ணுக்குத்தான்.”

எங்கள் கிணற்றைப் போலவே அவர் வீட்டுக் கிணறும் கரித்தது. எங்கள் இரண்டு கொல்லைக்கும் பின்னால் டேனரி புதிதாக ஒரு குழி வெட்டியிருந்தது. உப்பிட்ட தோல் ஊறிய தண்ணீரை அதில்தான் திறந்துவிட்டார்கள். தினமும் அதை மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போனவன் நான்.

இரண்டு பேரும் முதலாளியிடம் போனோம்.

“கத்திரிக்காதானே? சந்தைல வாங்கிக்க. பேஜார் பண்ணாத.”

“குடிக்கிறதுக்கு இன்னா பண்றது மொதலாளி?” என்றார் பாய்.

“கம்மியாத்தான்யா கரிக்குது. மழை பேஞ்சா சரியாய்டும்.”

மழை பெய்தது. சரியாகவில்லை. விதைக்கு விட்டிருந்த ஒரே காய் முற்றாமலே சுருங்கி விழுந்தது. பார்வதி அதை அறுத்துப் பார்த்துவிட்டு எருக்குழியில் போட்டாள். பிறகு ஒவ்வொரு வீடாகக் கொல்லை கட்டாந்தரையானது.

முதலாளிக்கு விவரம் தெரியாது என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். அவருடைய வண்டிக்காரர் பின்னொரு நாள் சொன்னார்: குழி வெட்டிய வாரமே, முதலாளி வீட்டுக்குப் பாலாற்று ஊற்றுத் தண்ணீர் மாட்டுவண்டியில் வரத் தொடங்கிவிட்டது. என் செடியில் முதல் இலை கருகியது அதற்கப்புறம்தான்.