கழுவாமல் போன கால்

நான் ஆரணியில் சாயப்பட்டறையில் வேலை செய்கிறவன். பட்டு நூலைக் கொதிக்கிற அண்டாவில் முக்கி எடுப்பது வேலை. தரையெல்லாம் சாயத் தண்ணீர். செருப்புப் போட்டால் வழுக்கும். வெறுங்கால்தான். கல்யாண சீசனில் அரக்குச் சிவப்பு அதிகம் ஓடும். அது கணுக்கால் வரை ஏறிவிடும். சோப்புக்கு அசையாது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் பூசையில் எங்கள் கோவில் சாமியார் பன்னிரண்டு பேர் காலைக் கழுவுவார். சிலுவைக்கு முந்தின ராத்திரி ஆண்டவர் தம் சீடர்கள் காலைக் கழுவினார், அதற்காக. இந்த வருடம் எங்கள் தெருவுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். என் பேர் வந்தது. எனக்கு இதுதான் முதல் தடவை.

அதற்கு நாலு நாள் முன்னால், குருத்து ஞாயிறன்று, கோவில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் பேர்களைப் படித்தார். வெளியே வந்து என் காலைப் பார்த்தார்.

"இன்னாபா இது? இந்தக் கால வச்சிகினு சாமி எதிர்ல உக்காருவியா?"

"வேலைங்க."

"சாமி புதுத் துண்டு வாங்கினு வந்துருக்காரு. வெள்ளத் துண்டு. வியாழனுக்குள்ள கால வெளுத்துகினு வா. இல்லன்னா பேங்க் சாரப் போட்டுடுவேன்."

பேங்க் சார் ரிட்டயர் ஆனவர். ஷூவுக்குள்ளேயே இருந்த கால்.

வீட்டில் மனைவி எலுமிச்சம்பழம் தேய்த்தாள். பிறகு பாத்திரம் தேய்க்கிற நார். தோல்தான் போனது.

"விடுடி. கால கழுவத்தான கூப்புடறாங்க? வெளுத்த கால எதுக்குக் கழுவணும்?"

"பெரிய வக்கீலு! இத உபதேசியார்கிட்ட போய்ப் பேசு."

வியாழக்கிழமை சாயங்காலம் வரை அண்டா முன்னால் நின்றேன். வேட்டி மாற்றினேன். காலைத் தொடவில்லை. வேண்டுமென்றேதான்.

கோவிலில் பன்னிரண்டு நாற்காலி. எல்லார் காலும் தேய்த்துக் கழுவி வந்த கால். இரண்டு பேர் பவுடர்கூடப் போட்டிருந்தார்கள். கடைசி நாற்காலியில் பேங்க் சார்.

"சார், இது என் எடம்."

உபதேசியார் ஓடி வந்தார். "பேஜார் பண்ணாதபா. பூச நேரம்."

"பேரப் படிச்சது நீங்க. ஊரே கேட்டுச்சி. கழுவாம போவ மாட்டேன்."

பேங்க் சார் எழுந்துவிட்டார். "உக்காருப்பா. சாக்ஸ் கழட்டறதே எனக்குப் பெரிய வேல."

சாமியார் வந்தார். தண்ணீர் ஊற்றினார். பேசின் சிவந்தது. நிமிர்ந்து பார்த்தார்.

"சாயப்பட்டறையா?"

"ஆமா சாமி."

விரல் இடுக்கிலும் தேய்த்தார். மறுபடி ஊற்றினார். புதுச் சாயம் போனது. பழையது போகவில்லை. துண்டால் துடைத்தார். குனிந்து முத்தம் வைத்தார். அப்போது நான் உபதேசியாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தப்பு. ஆனாலும் பார்த்தேன்.

ஈஸ்டர் அன்று காலையில் கோவிலுக்குப் பின்னால் கொடியில் அந்தத் துண்டு தொங்கியது. ரோஸ் நிறம்.

"மூணு தடவ தொவச்சிட்டேன்பா," என்றார் உபதேசியார்.

"பட்டுச் சாயம் பருத்தியில நிக்காதுங்க. இன்னும் ரெண்டு அலசு அலசுங்க, போய்டும்."

"உன் காலு?"

"அது போவாது."

உயிர்த்த பிறகும் ஆண்டவர் கையில் ஆணிக் காயம் இருந்தது என்று பூசையில் படிக்கிறார்கள். கல்லறையை விட்டே எழுந்து வந்தவருக்கு அதை அழிக்க முடியாதா? அழிக்கவில்லை. நம்பாத சீடர் தோமையாரிடம் கையை நீட்டிக் காட்டினார்.

திங்கட்கிழமை அண்டா வைத்தேன். செருப்பை வெளியே விட்டேன்.