நான்கு கட்டங்களுக்குள் ஒரு பெயர்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை செய்தேன். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடங்களின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி வைத்திருந்தோம். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு அதிலுள்ள ஒரு வரிதான் ஆதாரம். எதைச் சொல்லித் தேடினாலும் ஆள் அகப்படும்படி கணினியில் நானே ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு சின்னத் தேடல் நிரல், எழுதினேன். பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் எந்த டிவிசன், முகவரி என்ற நான்கு கட்டங்களையும் ஒரே வரியாக ஒட்டி, அதற்குள் தேடும். தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கர் ஒருவருடைய மகனின் பெயரைப் போட்டுப் பார்த்தேன். டக்கென்று வந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை நோர்வூட் பக்கமிருந்து கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா வந்தார். அவருடைய பிறப்பைப் பதியவே இல்லையாம். வெள்ளிக்குள் பள்ளிக்கூடப் பதிவாவது கொடுக்காவிட்டால் தோட்டத்தில் கட்டிக் கொடுக்கும் புது வீட்டுப் பட்டியலில் அவர் இல்லை. பெயரில் தேடினேன், இல்லை. தகப்பன் பெயரில் தேடினேன், அதுவும் இல்லை. புதன்கிழமை அன்றைய வேலையை விட்டுவிட்டு மறுபடி வந்தார். அன்றும் அதே கதை. மூன்றாம் வகுப்பு வரை படித்ததாக முதல் நாள் அடித்துச் சொன்னவர், அன்று குடையை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"கம்ப்யூட்டர் பொய்யா சொல்லப்போகுது? விடு புள்ள."

எனக்குக் கிறுக்குப் பிடிக்காத குறை. கடைக்காரர் பிள்ளைகள் வருகிறார்கள், ஆபீஸ் கிளாக்கர் பிள்ளைகள் வருகிறார்கள், மற்றவர்கள் எங்கே போய்த் தொலைந்தார்கள்? ஃபங்ஷன் பிழையா, பதிவேடு பிழையா, நான்தான் மண்டுவா? ஒரே வரியைப் பத்துத் தடவை மாற்றி எழுதி, திரும்பப் பழையபடியே ஆக்கினேன். கடைசியில் என் அம்மாவின் பெயரைப் போட்டேன். அவரும் இல்லை! அந்தப் பக்கத்தைத் தட்டி ஏற்றியதே நான்.

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். முகவரிக் கட்டம் காலி. ஒட்டும்போது ஒரு கட்டம் காலியாக இருந்தால் கணினிக்கு முழு வரியுமே இல்லாததாகிவிடும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளுக்கு யார் முகவரி எழுதினார்கள்? கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். லயத்து ஒற்றைக் காம்பரா வீட்டில் வளர்ந்த எனக்கு அந்தக் காலிக் கட்டம் ஒரு குறையாகவே படவில்லை. வெட்கமாகப் போயிற்று.

காலியாக இருந்தால் அதைத் தாண்டிப் போ என்று ஒரு வரி சேர்த்தேன். நோர்வூட் அம்மா திரையில் வந்துவிட்டார், தகப்பன் பெயரோடு.

வியாழக்கிழமை தாளை அச்செடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறினேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அந்த அம்மா நின்றிருந்தார். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, எழுத்துக் கூட்டி வாசித்தார். தகப்பன் பெயரில் விரல் நின்றது. தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் காதில் விழுந்ததோ என்னவோ.

"செத்துப்போன அப்பாவ மூணு நாளா ஏசிக்கிட்டு இருந்தேன் புள்ள," என்றார். "பொறந்ததையும் பதியல, ஸ்கூல்லயும் பதியலன்னு."