கேட்காத அவுட்

நேற்று குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் பேக்கரிக்கு வர்க்கி வாங்கப் போனேன். டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்ததால் ஒரு டீயும் சொல்லிவிட்டு நின்றுவிட்டேன். மட்டையில் உரசிய பந்தைக் கீப்பர் பிடித்தான். ஆனால் யாரும் அவுட் கேட்கவில்லை. பிறகு பெரிதாக்கிக் காட்டியபோதுதான் உரசியதே தெரிந்தது. "அட, வாயத் தொறந்து கேட்டிருந்தா ஆளு காலிங்க!" என்று டீ மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். கிரிக்கெட்டில் அப்படி ஒரு சட்டம் இருப்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. எதிரணியில் ஒருத்தராவது கேட்காவிட்டால், கண்ணெதிரே ஸ்டம்பு பறந்தாலும் அம்பயர் கையைத் தூக்கக்கூடாது. எனக்கு அது நன்றாகவே தெரியும். கையிலிருந்த டீ ஆறிப்போனது.

தேவாலாப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்தபோது நான்தான் அங்கே அம்பயர். ஞானத்தால் வந்த பதவி இல்லை. கோயமுத்தூரிலிருந்து போன புதிதில் நான் எறிந்த பந்து, ஸ்டம்பை விட்டுவிட்டு மேனேஜர் ஜீப்பின் கண்ணாடியைப் பதம் பார்த்ததால் வந்தது. மைதானம் என்பது மரியாதைக்குச் சொல்வது. சரிவில் வெட்டிய ஒரு துண்டு நிலம்; மூன்று பக்கம் தேயிலை, ஒரு பக்கம் ஃபாக்டரி. தேங்காய்நார் விரிப்புதான் பிட்ச். நனைந்த நாரின் நாற்றமும் ஃபாக்டரியிலிருந்து வரும் வதங்கிய இலை வாசனையும் கலந்து வீசும். பந்து நேராகத் தேயிலைக்குள் விழுந்தால் அவுட் என்பது எங்கள் சொந்தச் சட்டம். அடித்தவனே போய்த் தேடி எடுத்து, காலில் அட்டையோடு திரும்ப வேண்டும்.

அங்கே ஃபாக்டரியில் இலை உருட்டும் ரோலர் மெஷின் ஓட்டியவர் மணியண்ணன். சின்ன வயதில், சிலோன் தோட்டங்களிலிருந்து ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களோடு கப்பலில் வந்தவர். அந்த ஊர்த் தோட்டப் பழக்கத்தில் கிளார்க்கான என்னைக் 'கிளாக்கரையா' என்றுதான் கூப்பிடுவார். ஒருமுறை அவர் மட்டையைச் சுற்றிய சுற்றில் தலையிலிருந்த குரங்குக் குல்லா கழன்று ஸ்டம்பின் மேல் விழுந்தது. பெய்ல்ஸ் கீழே. எல்லாரும் கத்த, நான் கையைத் தூக்கினேன்.

"ஏன் கிளாக்கரையா, மட்ட புடிச்சது நானா, குல்லாவா?"

"குல்லா தட்டுனாலும் அவுட்டுதானுங்கண்ணா."

முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் நான் கையைத் தூக்காமல் அவர் நகரவே மாட்டார். பந்து உரசிய சத்தம் கூடலூருக்கே கேட்டிருந்தாலும் அசையாமல் நிற்பார். "சின்னப்புள்ளயில போகச் சொன்னாங்க, மூட்டய கட்டிட்டு வந்துட்டோம். இனிமே அப்பிடியில்ல. கேக்கறவன் கேக்கணும், ஐயா கைய தூக்கணும். அப்பறந்தான் போவேன்" என்பார். நாங்கள் சிரிப்போம்.

ரிட்டயர் ஆகிறவருக்காக அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு மேட்ச் நடத்துவது எங்கள் வழக்கம். அவர்தான் கடைசி ஆளாக இறங்குவார். அவர் அவுட்டானால் மேட்ச் முடிந்தது. மாலை போட்டு, டீயும் பஜ்ஜியும் கொடுப்போம். மறுவாரம், எஸ்டேட் கொடுத்த லயத்து வரிசை வீட்டைக் காலி செய்ய வேண்டும். வேலையோடு வந்த வீடு, வேலையோடு போய்விடும். மற்றவர்களுக்குப் போக ஓர் ஊர் இருந்தது. மணியண்ணனுக்கும் அவர் மனைவி பாக்கியம் அக்காவுக்கும் பிள்ளைகள் இல்லை. அந்த ஒரு அறையும் பின்னால் நாலு பீன்ஸ் கொடியும்தான்.

நான் மேனேஜரிடம் போய், "ஒரு வருசமாச்சும் உட்டு வைக்கலாமுங்களா?" என்று கேட்டுப் பார்த்தேன். நல்ல மனுஷன்தான். "எனக்கும் சங்கடமாத்தானுங்க இருக்குது. நானே ரிட்டயரானா பங்களாவ உட்டுட்டுத்தான் போகோணும்" என்றார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

மணியண்ணனின் ஞாயிறும் வந்தது. அவர் இறங்கிய முதல் பந்தே மட்டையில் உரசிக் கீப்பர் கைக்குப் போனது. டக்கென்று சத்தம். நான் காத்திருந்தேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. கீப்பர் பேசாமல் பந்தைத் திருப்பி எறிந்தான். அடுத்தது காலில் பட்டது, ஸ்டம்புக்கு நேராக. அதற்கும் யாரும் கேட்கவில்லை. அப்புறம் நடு ஸ்டம்பே சாய்ந்தது. பந்து போட்டவன் ஃபாக்டரி டிரையரில் வேலை பார்க்கும் ஜோசப். அவனே நடந்து வந்து, ஸ்டம்பை நட்டு, பெய்ல்ஸை எடுத்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி திரும்பிப் போனான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேட்சை முடிக்க அவர்களுக்கு மனசு வரவில்லை. தேயிலைக்குள் விழுந்த பந்தைக்கூட எதிரணிக்காரன் ஓடிப்போய் எடுத்து வந்தான்.

மணியண்ணனுக்கும் புரிந்துவிட்டது. மட்டையை ஊன்றிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். "கேளுங்கடா! ஒருத்தனாவது கேளுங்கடா!" என்று கத்தினார். ஜோசப் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். கடைசியில் அவரே என் பக்கம் திரும்பி, மட்டையோடு இரண்டு கையையும் தூக்கி, "கிளாக்கரையா, ஹௌஸ் தட்?" என்றார்.

"நீங்க கேக்க முடியாதுங்கண்ணா. அவங்கதான் கேக்கோணும்."

"அப்ப நான் அவுட்டு இல்லியா?"

"இல்லீங்கண்ணா."

"அத மேனேஜர் தொரைகிட்ட சொல்லுங்களேன்" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்பயர் அழக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை, நல்லவேளை.

மூடுபனி இறங்கி ஸ்டம்பு மறைகிறவரை ஆடினார். மேட்ச் முடியாததால் மாலையை அவர் கழுத்தில் யாரும் போடவில்லை. பாக்கியம் அக்கா அதை எடுத்துப்போய் மாரியம்மனுக்குச் சாத்திவிட்டார். அந்த வாரமே அவர்கள் கட்டில் மினி லாரியில் ஏறியது. திருப்பூரில் ஏதோ மில்லில் வாட்ச்மேன் வேலையாம், படுக்க இடம் தருவார்களாம். ஜோசப் கயிறு கட்டினான். நான் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

பிறகு அந்த டிவிஷனையே மூடிவிட்டார்கள். லயத்துத் தகரங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிட்ச் இருந்த இடத்தில் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு நிற்கிறது, யானை வருகிறது என்கிறார்கள். மணியண்ணன் நம்பருக்கு அடித்தால் வேறு யாரோ எடுக்கிறார்கள். சட்டப்படி பார்த்தால் அவர் இன்றுவரை அவுட் இல்லை. எந்த அம்பயரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அதையேதான் சொல்வார். அவர் இருந்த அந்த ஒரு அறைதான் இல்லை.