இறந்த தேதி

பெரியப்பாவின் பணம் வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவூலத்தில் இருபது வருடம் உட்கார்ந்து விருப்ப ஓய்வில் வந்தவள் நான். யாருக்கும் நம்பிக்கை ஊட்டுகிற பழக்கம் விட்டுப்போய்விட்டது.

மதுக்கரைப் பக்கம் ஓர் ஆலையில் பெரியப்பாவுக்கு வேலை. ஒரு நாள் காலை ஷிப்டுக்குச் சோற்றுத் தூக்குப்போசியோடு போனவர் திரும்பவில்லை. அவருக்குச் சேரவேண்டியதை ஆலை சில வருடம் வைத்திருந்து, கேட்பாரில்லை என்று அரசாங்கக் கணக்கில் கட்டிவிட்டது. பெரியம்மா கேட்டுக்கொண்டேதான் இருந்தார். மனைவி கேட்டால் போதாது, புருஷன் செத்திருக்க வேண்டும். ஏழு வருடம் தகவல் இல்லாதவரைச் செத்தவராகக் கோர்ட் அறிவிக்கும். அதைக் காட்டினால் பணம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த ஏழு வருடம் முடிந்தபோது, பெரியம்மாவின் வீடு சொசைட்டி கடனில் ஏலத்துக்கு வந்திருந்தது.

"காயிதத்துக்கு மட்டுந்தானுங்க நங்கையா. ஊட்டுல ஒண்ணும் மாறாதுங்க" என்று சொல்லிச் சொல்லித்தான் அப்பா தன் அண்ணன் மனைவியைச் சம்மதிக்க வைத்தார்.

தீர்ப்பு நாளன்று எனக்குப் பள்ளி விடுமுறை. துணைக்கு என்னையும் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனார்கள். பெரியப்பாவைக் கண்டுபிடித்துத் தரச்சொல்லிக் கேட்கப்போகிறோம் என்று நினைத்திருந்தேன். பெரியம்மா நெற்றி நிறையக் குங்குமமும் தலை நிறைய மல்லிகையுமாக வந்திருந்தார். வக்கீல் திகைத்துப்போனார்.

"ஏனுங்கம்மா, பூ வேண்டாமுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனுங்களே?"

"இன்னும் தீர்ப்பு ஆகலீங்களே."

வக்கீல் கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார். நீதிபதி ஆங்கிலத்தில் நாலு வரி வாசித்தார். பெரியம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா தலையை ஆட்டினார். பஸ் ஸ்டாண்டில் எனக்குத் தேங்காய் பன் கிடைத்தது.

தீர்ப்பை இணைத்து அப்பா போட்ட மனு பிற்பாடு திரும்பி வந்தது. மனுவில் 'இறந்த தேதி' என்ற கட்டம் காலி. செத்தார் என்று சொன்ன கோர்ட், என்றைக்கு என்று சொல்லவில்லை. திருப்பியனுப்பிய குமாஸ்தாவைக் குறை சொல்ல மாட்டேன். விதிப்படி அது பிழையற்ற ஆட்சேபணை. அப்பா அலைந்துகொண்டிருக்கும்போதே வீடு ஏலத்தில் போயிற்று.

ஆனால் தீர்ப்பு நாளன்று கோர்ட்டுக்குக் கிளம்பும் முன்பே அப்பா இன்னொரு காரியம் செய்திருந்தார். சாவுக்குச் சொல்லி அனுப்பாவிட்டால் எங்கள் பக்கம் உறவு அறுந்துவிடும். காகிதச் சாவு என்றாலும், "எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுலீங்களே" என்று நாளைக்கு ஒருவர் கேட்டுவிடக் கூடாது. எனவே பங்காளிகளுக்கும், அவிநாசியிலிருந்த பெரியம்மாவின் பிறந்த வீட்டுக்கும் ஆள்விட்டுச் சொல்லிவிட்டார். "ஆரும் வர வேண்டியதில்லீங்க, சும்மா தகவலுக்குத்தானுங்க" என்று சேர்த்தே சொல்லச் சொன்னாராம். எழவுச் சேதி கேட்டும் வராமலிருக்க, அவர்கள் மட்டும் மரியாதை தெரியாதவர்களா என்ன?

அன்று சாயங்காலம் கோர்ட்டிலிருந்து திரும்பி, பஸ்ஸைவிட்டு இறங்கி வீதிமுனை திரும்பினோம். பெரியம்மா வீட்டு வாசலில் கூட்டம். வருஷக்கணக்காக எட்டிப் பார்க்காத சொந்தமெல்லாம் நின்றிருந்தது. கோர்ட் இத்தனை வேகமாக வேலை செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"பெரிம்மா, பெரியப்பா வந்துட்டாருங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

"ஏய் அம்மணி, நில்லு!" என்றார் அப்பா.

எனக்குப் பின்னால் கண்ணாடி வளையல்கள் குலுங்கும் சத்தம் நெருங்கியது. பெரியம்மா என்னை உரசிக்கொண்டு முன்னால் ஓடினார். கொண்டையிலிருந்த மல்லிகைச்சரம் நழுவி மண்ணில் விழுந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. நடுவில் பெரியம்மாவின் அண்ணன், தலையில் துண்டும் கையில் தாம்பாளமுமாக நின்றிருந்தார். தாம்பாளத்தில் பிறந்த வீட்டுக் கோடி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலை. பெண்கள் கையை நீட்டிக்கொண்டு அழத் தொடங்கினார்கள்.

நான் கல் தடுக்கி விழுந்துவிடுவேன் என்று என்னைப் பிடிக்கத்தான் பெரியம்மா ஓடி வந்தார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். பிடிக்க வந்தவர் ஏன் என்னைத் தாண்டிப் போனார் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.