டப்பாவுக்குப் போகாத மாத்திரை

எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. யாருக்கு என்ன மாத்திரை வாங்கினாலும், வலி நின்ற அன்றே மிச்சம் அதற்குள் போய்விடும். அடுத்து யாருக்கு எது வந்தாலும் அதிலிருந்து இரண்டு. பக்கத்து வீட்டிலிருந்த என் நாத்தனாருக்கும் அதில் முழு உரிமை உண்டு. திருவொற்றியூரில் நாங்கள் இருந்த லைன் வீடுகளில் இதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. தொண்ணூறுகளின் கடைசிவரை நானும் நினைத்ததில்லை.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. பல் தேய்த்தால் ரத்தம். ஈறு வீங்கி, கீழே முன்பற்கள் நாலும் நாக்கு பட்டாலே ஆடின. "உங்கம்மா வாய்தான் உனுக்கும்" என்றார்கள். என் அம்மாவுக்கு நாற்பது வயதுக்குள் ஒரு பல் மிஞ்சவில்லை. அவளுக்கு இருப்பதே இரண்டு போட்டோ. இரண்டிலும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள். எனக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் பல் டாக்டரம்மா கேட்டார்: "இதுக்கு முன்னாடி வீங்கினப்ப என்ன பண்ணே?"

"ரெண்டு மாத்திர போட்டேன், அடங்கிடுச்சி. எங்கம்மாவும் அப்டித்தான்."

"வீக்கம்தாம்மா அடங்குது. வியாதி உள்ளயே இருக்கு."

க்ளீன் பண்ணினால் பல் ஆடிப்போகும் என்று ஊரே சொல்லியிருந்தது. பரவாயில்லை என்று வாயைத் திறந்தேன். ஈறுக்கு அடியில் கல்லாகப் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்தார். பிறகு இரண்டு வகை மாத்திரை, ஏழு நாளைக்கு. "மூணு நாள்ல சரியான மாதிரி இருக்கும். நிறுத்திட்டு என்கிட்ட வராதே."

அப்படியேதான் ஆயிற்று. மூன்றாம் நாள் ரத்தம் இல்லை. அதில் ஒரு மாத்திரை மட்டும் துருப்பிடித்த ஆணியைச் சப்பியதுபோல் வாயெல்லாம் கசந்தது. வயிற்றுப்போக்குக்கும் அதே மாத்திரையைத்தான் கொடுப்பார்கள். மாத்திரை அட்டை அந்த பிஸ்கட் டப்பாவுக்குப் போய்விடக் கூடாதென்று ஜாக்கெட்டுக்குள்ளேயே வைத்திருந்தேன், இறால் கம்பெனியில் வேலை செய்யும்போதுகூட.

நாலாம் நாள் மத்தியானம் நாத்தனார் வந்தாள். அவள் வீட்டுக்காரருக்குக் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. டப்பாவைத் துழாவிவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"அண்ணி, உன்னாண்ட கீறது பேதி மாத்திரதான? நாலு குடு."

"இது என் பல்லுக்குக் குடுத்தது. அவர ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம், நானும் வரேன்."

"உனுக்குத்தான் சரியாப் பூடுச்சே!"

என் வீட்டுக்காரர் தங்கை பக்கம். "நாலு மாத்திரைக்கு இன்னாமே இவ்ளோ பிகு? அவன் உசுர வுட உன் பல்லு பெர்சா?"

உசுர் போகிறவர் வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அட்டையை வெளியே எடுத்தேன். மத்தியான வேளைக்கு உண்டானதை இரண்டு பேரும் பார்க்கப் பிதுக்கி, வாயில் போட்டு விழுங்கினேன். டப்பாவைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினேன். நான் கலக்கிக் கொடுத்த உப்பு சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் மறுநாளே வேலைக்குப் போனார். நாத்தனார் மட்டும் "கல்நெஞ்சுக்காரி" என்று சொல்லி, அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஏழு நாளும் போட்டேன். திரும்ப இரண்டு முறை போய்ச் சுத்தம் செய்துகொண்டேன். சில மாதம் கழித்து டாக்டரம்மா நாலு பல்லையும் அசைத்துப் பார்த்து, "நின்னுடுச்சு" என்றார். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

அடுத்த வருடம் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். மாமன் வரும்போது மாமியை எப்படி விலக்குவது? வேறு வழியில்லாமல் என்னையும் அழைத்தாள். எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். அம்மாவை நினைத்துக்கொண்டேன். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, வாய் நிறையச் சிரித்தேன்.

"பல்லக் காட்டினு நிக்கிறா பாரு" என்று நாத்தனார் யாரிடமோ சொன்னாள்.

"காட்டறதுக்குத்தாண்டி காப்பாத்தினேன்" என்றேன்.